எலும்புக்குள் இருந்த தண்ணீர்

எலும்பு என்னிடம் வந்தது ஒரு ஷூ பெட்டியில்.
தார்த்து நகரம், அக்டோபர், ஆய்வகத்தில் ஹீட்டர் பழுது.
சதுப்புக் கரி வெட்டும் இயந்திரம்
தார்ப்பாயோடு சேர்த்துத் தூக்கிப் போட்டதாம்
ஏழு வயதின் இடது தொடையை.
ரெய்வோ.
பல்லும், தாயின் உமிழ்நீரும்
பெயரை முன்பே சொல்லிவிட்டிருந்தன.

என் வேலை பெயரல்ல, தண்ணீர்.

மூழ்குகிறவர் விழுங்கும் தண்ணீரில்
கண்ணாடிச் சட்டை போட்ட பாசிகள் இருக்கும்,
டயட்டம் என்போம்.
இதயம் இன்னும் அடித்துக்கொண்டிருந்தால்
இரத்தம் அவற்றை மஜ்ஜை வரைக்கும் சுமந்துபோகும்.
நின்றுவிட்டிருந்தால் போகாது.
எலும்பைக் கழுவினேன், அறுத்தேன், உள்ளே சுரண்டியதை அமிலத்தில் இட்டேன்.
அமிலம் எல்லாவற்றையும் தின்னும்,
கண்ணாடியைத் தவிர.

கோப்பில் வேறொரு தண்ணீர் இருந்தது:
பெய்ப்சி ஏரி, எண்பத்து நான்கு, ஜூன்.
ரஷ்ய மொழியில் வாக்குமூலம், பதினொரு பக்கம்.
கீழே எஸ்தோனிய எழுத்தில் ஒரு கையெழுத்து: ஆர்வெத் கூசிக்.
முதல் பதிப்பில் பையனின் சட்டை நீலம்.
இரண்டாவதில் நீலம் அல்லது சாம்பல்.
நான்காவதில் சாம்பல், மேல் பித்தான் அறுந்தது.
விசாரித்தவருக்குத் தெரிந்ததெல்லாம்
ஒவ்வொன்றாக ஆர்வெத்துக்கும் தெரியவந்திருக்கிறது.
ஆறு இரவு தூங்கவிடவில்லை என்று எந்தப் பக்கத்திலும் இல்லை.
கையெழுத்து மட்டும்
போகப்போகச் சரிந்துகொண்டே போகிறது,
பனியில் வண்டி வழுக்குவதுபோல்.

மூன்று கோடை ஏரியை அரித்தார்கள்.
கிடைத்தவை: கிழிந்த வலைகள், ஒரு போர்க்கால ஹெல்மெட்,
ஒரு தையல் இயந்திரம்.
ஏரி ஆழம் என்று கோப்பை மூடினார்கள்.
சராசரி ஏழு மீட்டர்.

நுண்ணோக்கியின் கீழே ஏரி இல்லை.
ஏரியின் பாசி சரம் கோத்துக்கொண்டு மிதக்கும்,
கண்ணுக்குத் தப்பாது.
எலும்பின் வெளியே ஒட்டியிருந்தவை சதுப்பில் வாழ்கிறவை, புளித்த நீர்க்காரர்கள்.
உள்ளே இருந்தவர்கள் வேறு.
சுண்ணாம்பை விரும்புகிறவர்கள்,
சிமெண்டுச் சுவரில் ஒட்டிக் குடித்தனம் நடத்துகிறவர்கள்.
நாற்பத்தொன்று.
மறுநாள் மறுபடி எண்ணினேன். நாற்பத்தொன்று.

தார்ப்பாயின் மூலையில் பாதி முத்திரை, கூட்டுப்பண்ணையின் எண்.
பண்ணையில் இப்போது வாத்துகள்.
தீயணைப்புத் தொட்டி அப்படியே இருக்கிறது, மேலே கான்கிரீட் மூடியோடு.
பழைய இரும்பு மூடி அந்த மே மாதமே
கணக்குப் புத்தகத்தில் 'பழுது' என்று அடிக்கப்பட்டிருக்கிறது.
பண்ணைத் தலைவரின் சவுனாவில்
அடுப்புக்கு அடியில் ஒரு வட்டத் தகடு.
காவலர் ஒருவர் மண்டியிட்டு, கரியைத் துடைத்து,
வார்ப்பு எண்ணை உரக்கப் படித்தார்.
தலைவர் செத்துப் பதிமூன்று வருடம்.
பள்ளி வாசலில் அவர் பெயரில் ஒரு பெஞ்சு.

தொட்டியின் கசடைக் குழாயில் உறிஞ்சினோம்.
இருபத்தேழு வருடம், அடுக்கடுக்காய்.
அடியிலிருந்து ஒரு சாண் மேலே
என் நாற்பத்தொன்றின் சொந்தக்காரர்கள் அத்தனை பேரும்.

மூடி இல்லாத ஒரு தொட்டி.
தவளை பார்க்கக் குனிந்தானோ என்னவோ,
அது அமிலத்தில் தெரியாது.
பிறகு ஒரு டிராக்டர், ஓர் இரவு.
பிறகு, யாராவது ஒருவன் வேண்டியிருந்தது.

லெய்தா, அவன் தாய், அறிக்கையைப் பிரிக்கவில்லை.
தண்ணீர் சில்லென்று இருந்திருக்குமா என்று கேட்டாள்.
ஜூன் மாதம் என்றேன்.
ஜூன், என்றாள்.

ஆர்வெத் பன்னிரண்டு வருடம் உள்ளே இருந்தவர்.
முஸ்த்வேயில் முதியோர் இல்லம், ஜன்னலோரக் கட்டில்.
நான் சொல்லி முடிக்கும்வரை கேட்டுவிட்டு
"இல்லை" என்றார்.
"படகு ஞாபகம் இருக்கிறது.
பையன் என்ன கனம் என்று ஞாபகம் இருக்கிறது."
இரண்டு கையையும் நீட்டி, வளைத்துக் காட்டினார்.
அவர் பெயரில் படகு எந்தப் பதிவேட்டிலும் இல்லை,
வரும் வழியில் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தேன்.
சொன்னேனா, இல்லையா? சொல்லவில்லை.

செவிலி தேநீர் கொண்டுவந்து நின்றாள்.
அந்தக் கைகளை இறக்க
அவருக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.